மேட்ரிக்ஸில் டோட்டல் எப்படி வருகிறது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வண்டிகள் அடிக்கும் ஒவ்வொரு ட்ரிப்பும் மணலியிலோ மாதவரத்திலோ ஏதோ ஓர் ஆபீஸில் பதிவாகிறது. அப்புறம் அது பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருள்) ரிப்போர்ட்டாக மேனேஜரிடம் போகிறது: பக்கவாட்டில் யார்டுகள் (கன்டெய்னர் நிறுத்துமிடங்கள்), மேலே தேதிகள், கடைசியில் டோட்டல். இந்த வகை அட்டவணைதான் மேட்ரிக்ஸ். அதன் டோட்டலைப் பார்த்ததும் "கணக்கு இடிக்குதே" என்று கால்குலேட்டரை எடுப்பவர்கள் நிறையப் பேர்.

டோட்டல் வரிசைக்காக, அதற்கு மேலே இருக்கும் எண்களை மேட்ரிக்ஸ் வழக்கமாகக் கூட்டுவதில்லை. மணலி வரிசையில் "மணலி மட்டும்" என்ற ஃபில்டரோடு சூத்திரம் ஓடுகிறது. டோட்டல் வரிசையில் அந்த ஃபில்டர் கிடையாது. அதே சூத்திரம் எல்லா யார்டுகளின் பதிவுகள் மேலும் முதலிலிருந்து மறுபடி ஓடுகிறது.

ஒரு நாளில் மணலியிலிருந்து 25 ட்ரெய்லர்கள் 40 ட்ரிப்பும், மாதவரத்திலிருந்து 10 ட்ரெய்லர்கள் 10 ட்ரிப்பும் ஓடியதாக வைத்துக்கொள்வோம். ட்ரிப் டோட்டல் 50, சிக்கல் இல்லை. ஆனால் வண்டி டோட்டல் 31 என்று வரலாம், ஏனென்றால் 4 வண்டிகள் இரண்டு யார்டுக்கும் ஓடியிருக்கும். டீசலும் அப்படித்தான். மணலியில் 800 லிட்டர், அதாவது ட்ரிப்புக்கு 20. மாதவரத்தில் 300 லிட்டர், ட்ரிப்புக்கு 30. டோட்டலில் 25 வராது. 1,100-ஐ 50-ஆல் வகுத்து 22 வரும். 31, 22 இரண்டுமே சரியான விடைகள். இவற்றைத் "திருத்த" முயல்வதுதான் தப்பு.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு யார்டில் ஒரு நாளைக்கு 30 ட்ரிப்புக்கு மேல் ஓடினால், மிஞ்சிய ஒவ்வொரு ட்ரிப்புக்கும் 100 ரூபாய் போனஸ் என்று விதி இருக்கட்டும். மணலிக்கு 1,000 ரூபாய், மாதவரத்துக்கு ஒன்றுமில்லை. டோட்டலோ 50-இலிருந்து 30-ஐக் கழித்து 2,000 என்று காட்டும். டிரைவர்களின் காசு இது, இங்கே அலட்சியம் கூடாது.

விதி எந்த மட்டத்தில் பொருந்துகிறதோ அந்த மட்டத்தில் கணக்கைப் போட்டுவிட்டு, பிறகு கூட்டச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்எக்ஸ் என்ற ஃபங்ஷன். வேல்யூஸ் என்ற இன்னொரு ஃபங்ஷன் மூலம் யார்டு பட்டியலைக் கொடுத்து, போனஸ் மெஷரை (பவர் பிஐயில் நாம் எழுதும் சூத்திரத்துக்கு மெஷர் என்று பெயர்) அதற்குள் வைத்தால், ஒவ்வொரு யார்டாக எடுத்துக் கணக்கிட்டுக் கூட்டும். டோட்டல் 1,000 ஆகிவிடும்.

ஆனால் மறுநாள் மணலியில் 20 ட்ரிப்தான் என்றால்? இரண்டு நாளும் சேர்ந்த டோட்டலில் மணலிக்கு 60 ட்ரிப். 30 போக 3,000 ரூபாய் என்று வந்து நிற்கும். விதி யார்டுக்கும் நாளுக்கும் சேர்ந்தது. அதனால் சம்எக்ஸுக்குக் கொடுக்கும் பட்டியலும் யார்டு–தேதி ஜோடிகளாக இருக்க வேண்டும். சம்மரைஸ் என்ற ஃபங்ஷன் ட்ரிப் டேபிளில் நிஜமாக உள்ள ஜோடிகளை மட்டும் எடுத்துத் தரும்.

பெரும்பாலான ஊழியர்களுக்கு மாடலில் (ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டேபிள்களின் தொகுப்பில்) கைவைக்க அனுமதி இருக்காது. ஹெட் ஆபீஸ் மாடலைப் பப்ளிஷ் செய்திருக்கும். கிளையில் இருப்பவர் லைவ் கனெக்ஷனில், அதாவது அந்த மாடலை நகலெடுக்காமல் நேரடியாக, இணைவார். புது டேபிளோ காலமோ (column, நெடுவரிசை) சேர்க்க முடியாது, மெஷர் மட்டும் எழுதலாம். மேலே சொன்ன வழியின் அருமை இதுதான்: அது முழுக்க மெஷருக்குள்ளேயே முடிகிறது. யார்டுக்கெனத் தனி டேபிள் இல்லாமல், ட்ரிப் டேபிளிலேயே யார்டு பெயர் ஒரு காலமாக இருந்தாலும் போதும்.

ஒரு எல்லை உண்டு. ட்ரிப்பே ஓடாத நாளுக்கும் குறைந்தபட்சத் தொகை தர வேண்டும் என்று விதி இருந்தால், அந்த நாள் ட்ரிப் டேபிளில் இருக்காது, ஆகவே டோட்டலிலும் சேராது. மாடலில் தேதி டேபிள் இல்லையென்றால், காலண்டர் ஃபங்ஷனால் மெஷருக்குள்ளேயே தற்காலிகத் தேதிப் பட்டியலை உருவாக்கி, ட்ரீட்அஸ் என்ற ஃபங்ஷன் மூலம் அதை ட்ரிப் தேதியோடு பொருத்தலாம். ஜோடிகள் பெருகப் பெருக ரிப்போர்ட் திறக்க நேரமெடுக்கும். தேவையான இடத்தில் மட்டும் செய்வது நல்லது.

சில டோட்டல்களுக்கு வேறு சூத்திரமே வேண்டியிருக்கும். சாயங்காலம் யார்டில் நிற்கும் கன்டெய்னர் எண்ணிக்கையை யார்டுகளுக்கு இடையே கூட்டலாம். நாட்களுக்கு இடையே கூட்டினால் ஒரே கன்டெய்னரைப் பல முறை எண்ணிவிடுவோம். மாத டோட்டலில் கடைசி நாள் இருப்பைக் காட்டலாம், அல்லது காலியாக விடலாம். நிற்பது டோட்டலா சாதாரண வரிசையா என்று கண்டுபிடிக்கப் பலர் ஹேஸ்ஒன்வேல்யூ ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஸ்லைசரில் (ரிப்போர்ட்டில் உள்ள தேர்வுப் பெட்டியில்) மணலியை மட்டும் தேர்ந்தெடுத்தால் டோட்டல் வரிசையிலும் ஒரே யார்டுதான் மிஞ்சும். அந்த டோட்டலையும் சாதாரண வரிசை என்றே ஹேஸ்ஒன்வேல்யூ எடுத்துக்கொள்ளும். இஸ்இன்ஸ்கோப் என்ற ஃபங்ஷன் அப்படி ஏமாறாது, யார்டு காலத்தை (column) வைத்து வரிசை பிரிந்திருக்கிறதா என்றே பார்க்கும். யார்டுக்குள் வண்டி என்று இரண்டு அடுக்கு இருந்தால் முதலில் வண்டியைச் சோதித்துவிட்டுப் பிறகு யார்டைச் சோதிக்க வேண்டும். வண்டி வரிசையில் இரண்டுக்குமே "ஆம்" என்றுதான் பதில் வரும்.