மார்க்கம்: மான் போன வழி

'தாம்பரம் மார்க்கத்தில் மின்சார ரயில்கள் ரத்து' என்று செய்தி வந்தால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. மார்க்கம் என்றால் வழி, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு மான் ஒளிந்திருக்கிறது.

சமஸ்கிருதத்தில் 'ம்ருக' என்பது முதலில் காட்டு விலங்கு, பிறகு குறிப்பாக மான். அதிலிருந்து வந்தது 'மார்க': விலங்கு நடந்து நடந்து விழுந்த தடம். வேடன் தேடிப்போவதும் அந்தத் தடத்தைத்தான். தேடல் என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. அப்புறம்தான் அது ஊர்ப்பாதையாகி, ராஜமார்க்கம் வரை அகலமானது. மிருகசீரிடம் என்றால் மான்தலை. அந்த நட்சத்திரத்தின் பெயரால் அமைந்த மார்கசீர்ஷ மாதமே நம் மார்கழி. ஆக, மார்கழியும் மார்க்கமும் பங்காளிகள்!

தமிழில் இந்தச் சொல் தெருவைவிடச் சமயத்தில்தான் அதிகம் நடமாடியது. சைவர்களுக்குத் தாசமார்க்கம் முதல் சன்மார்க்கம் வரை நான்கு. வள்ளலார் 1865-இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலும் சன்மார்க்கம் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் 'மார்க்கம்' என்று மட்டும் சொன்னாலே இஸ்லாம் என்று பொருள். தமிழ் பைபிளில் தீயவர்கள் 'துன்மார்க்கர்'.

சரி, தமிழில் என்ன சொல்வது? பயணத்துக்கு வழி, தடம். தாம்பரம் வழித்தடம் என்றால் ஒரு குறையும் இல்லை. வேர்ப்பொருளுக்கும் தடமே நெருக்கம். சமயத்துக்கு நெறி. சன்மார்க்கத்தை நன்னெறி எனலாம். இன்னொரு பழைய சொல்லும் உண்டு: ஆறு. நதி அல்ல, வழி. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. 'அவ்வாறு', 'இவ்வாறு' என்று தினமும் எழுதுகிறோமே, அதில் இருப்பதும் இந்த ஆறுதான். வழியைக் குறித்த சொல் விதத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

மார்க்கத்துக்கும் அதே கதைதான். 'ஆளு ஒரு மார்க்கமா இருக்கான்' என்கிறோம். அங்கே வழி, நெறி, தடம் எதையும் வைக்க முடியாது. மாற்றாகச் சட்டென்று வாயில் வருவது 'ஒரு தினுசா'. அதுவோ அரபியிலிருந்து வந்த சொல்.