தட்டு விழுந்தால் திரும்புகிறான், சரி… 'சட்டை' கேட்கிறதா?

சமையல்கட்டில் எவர்சில்வர் தட்டு ஒன்று நழுவி விழுகிறது. கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த, இன்னும் பேச்சு வராத ஒன்றரை வயதுப் பையன் திடுக்கிட்டுத் திரும்புகிறான். "பாத்தியா, காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்கிறார் பாட்டி. மருத்துவரிடம் போகும் யோசனை அதோடு தள்ளிப்போகிறது.

பாட்டி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தத் தட்டு எதையும் நிரூபிக்கவில்லை. தட்டு விழுவது பெரும் சத்தம். தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி எல்லாம் அதில் கலந்திருக்கும். பேச்சு அப்படியல்ல. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். ச, ஸ போன்றவை உயர்ந்த சுருதியில், சன்னமாக வரும். உயர் சுருதி மட்டும் சரியாகக் கேட்காத பிள்ளையின் காதில் 'சட்டை' என்பது 'அட்டை'யாகப் போய் விழலாம். அவன் தட்டுக்கும் திரும்புவான், கதவு சாத்தினாலும் திரும்புவான். சொற்கள் மட்டும் ஓட்டை விழுந்து போய்ச் சேரும். சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைகளுக்கோ கேட்பது சில வாரம் மங்கும், அப்புறம் தெளியும். கூப்பிட்டால் ஒரு நாள் வருகிறான், ஒரு நாள் வருவதில்லை. வீட்டில் 'பிடிவாதக்காரன்' என்று பெயர் வாங்கிவிடுகிறான்.

பேச்சு வாயில் தொடங்குவதில்லை, காதில்தான் தொடங்குகிறது. 1984இல் உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுபிடித்தன. 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் ஏறக்குறையப் போய்விட்டது. (தஞ்சாவூர் 'டான்ஜோர்' ஆனது நினைவுக்கு வருகிறதா?) முதல் சொல் வருவதற்கு முன்பே காது வீட்டு மொழிக்குப் பழகிவிடுகிறது. அந்த மாதங்களில் காது அடைபட்டிருந்தால் இழப்பு பெரிது.

ஆனால் இழப்பு உடனே வெளியே தெரியாது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்ஙா', 'ஊ' என்று சத்தம் போடும், சிரிக்கும். வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகு: 'பாபாபா', 'தாதாதா' என்று மெய்யும் உயிரும் சேர்ந்த கோவைகள் கேட்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் 10 மாதத்துக்குள் வந்துவிடும், கேளாத குழந்தைக்குத் தாமதமாகும். அது வரவில்லையென்றால் காதைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை.

பரிசோதனைக்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கினால் இன்னும் நல்லது. நல்ல காது ஒலியைக் கேட்பதோடு, உட்காதிலிருந்து மெல்லிய எதிரொலியைத் திருப்பியும் அனுப்புகிறது. 1978இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் டேவிட் கெம்ப் இதைக் கண்டறிந்தார். காதில் ஒரு சிறு அடைப்பானை வைத்து அந்த எதிரொலியைப் பிடிப்பதே 'ஓ.ஏ.இ.' பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால் 'பெரா': ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று தலையில் ஒட்டும் மின்முனைகள் பார்க்கும்.

காது சரி என்றால் அடுத்த கேள்வி, புரிகிறதா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றதும் எடுத்து வருகிறான் என்பார்கள். சொல்லும்போது நம் கண் செருப்பின் பக்கம் போகும், கையும் நீளும். கையைக் கட்டிக்கொண்டு, செருப்பைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். ஒன்றரை வயதில் இது புரிய வேண்டும். காக்காவையோ நிலாவையோ விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா என்பதும் முக்கியம். பிஸ்கட்டுக்காக உங்கள் கையைப் பிடித்து இழுப்பது வேறு, 'நீயும் பார்' என்று காட்டுவது வேறு. எல்லாம் புரிந்து, விரலும் நீட்டி, சொல் மட்டும் குறைந்த பிள்ளைகளில் பலர் எட்டிப் பிடித்துவிடுவார்கள். புரிவதும் குறைவு என்றால் காத்திருக்கக் கூடாது. பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணாம்' என்று இரண்டு சொல் சேர வேண்டும். மூன்று வயதில் 'ரயில்' 'லயில்' ஆவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ர மெதுவாக வரும், ழ பெரியவர்களிலேயே பலருக்கு வருவதில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை பேசுவதில் முக்கால்வாசியாவது வெளியாளுக்குப் புரிய வேண்டும். வீட்டில் இரண்டு மொழி பேசுவது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாகாது. நாக்கின் அடியில் உள்ள ஒட்டு சில ஒலிகளைக் கெடுக்கலாம், சொல் வராமல் தடுப்பது அதன் வேலையல்ல. பேச்சு வரும் என்று நாக்கில் தேய்க்கும் வசம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தப் பரிசோதனைகளுக்கு வழி உண்டு. போகும்போது இரண்டு நிமிட போன் வீடியோ ஒன்றை எடுத்துப் போங்கள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும்.