உறைகரு: ‘பனி அணுக்கருவாக்கம்’ என்று ஏன் எழுதக் கூடாது

செடிகள் உறைவதை வெப்பப்படக் கேமராவில் பார்க்கும் ஆய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘பனி அணுக்கருவாக்கம்’ என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உறையும் இலையில் எந்த அணுவின் கருவும் உருவாவதில்லை.

மூலச்சொல் நியூக்ளியேஷன், அதாவது பனிப்படிகம் முதலில் தோன்றத் தொடங்குவது. லத்தீனில் நியூக்ளியஸ் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. உயிரணுவின் கருவுக்கு ராபர்ட் பிரவுன் 1831-இல் இப்பெயரை வைத்தார். அணுவுக்கு அது வந்தது ரூதர்ஃபோர்டு காலத்தில்தான். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

நடப்பதைப் பாருங்கள். இலையின் நீர் 0 டிகிரியில் உறைந்துவிடாது. அதற்குக் கீழும் நீராகவே நிற்கும். இந்த நிலைக்கு ‘மீக்குளிர்வு’ என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. பனிப்படிகம் தொடங்க ஒரு பிடிப்பு வேண்டும். சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவின் மேலுறைப் புரதம் அதைத் தருகிறது. விஸ்னீவ்ஸ்கி, லிண்டோ, ஆஷ்வொர்த் மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அகச்சிவப்புக் காணொளியில் காட்டியது. பாக்டீரியா கலந்த நீர்த்துளி முதலில் உறைகிறது. கிராமுக்கு ஏறத்தாழ 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளியேற, துளி திரையில் பளிச்சென்று தெரிகிறது. பிறகு பனி இலைக்குள் இறங்கி நரம்புகள் வழியே ஓடுகிறது.

தொடங்கிவைக்கும் அந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. பாலுக்கு உறை ஊற்றுகிறோம். சிறிதளவு மோர் பால் முழுவதையும் உறைய வைப்பதால் அந்த மோருக்கே ‘உறை’ என்று பெயர். ஆகவே உறைகரு, உறைகருப் பாக்டீரியா, உறைகருப் புரதம். வினையாக வரும்போது ‘உறைகரு பிடித்தது’. ‘பனிக்கரு’ என்பாரும் உண்டு. ஆனால் பனி என்றால் நம்மவர் மனத்தில் மார்கழிப் பனித்துளிதான் முதலில் வரும். பனித்துளி நீர், இங்கே பேசுவது கட்டியான பனியைப் பற்றி. அந்தக் குழப்பம் எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்கள் படத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பதுதான் என் ஆதங்கம். ‘வெப்ப ஒளிப்படம்’ என்று எழுதுவதும் அப்படித்தான். கேமரா உள்வாங்கிப் பதிவது பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிரை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அல்ல. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். செடியை உறைய வைக்கும் குளிரறையின் கண்ணாடிக்கு வெளியே கேமராவை வைத்தால் இலை தெரியாது, கண்ணாடியின் வெப்பநிலைதான் தெரியும். அந்தக் கதிரை உள்ளே விடும் ஜெர்மேனியம் என்ற தனிமத்தாலான சாளரம் வேண்டும், அல்லது கேமராவையே உள்ளே வைக்க வேண்டும். உறைவதற்குச் சற்று முந்தைய படத்தைப் பின்வரும் படங்களிலிருந்து கழித்தால் மங்கலான வெப்ப உயர்வும் துலங்கும். இதற்கு ‘வேறுபாட்டு வெப்பப்படம்’ என்ற பெயர் போதும்.

குளிர் தாங்கும் செடிகள் உறையும்போது திரையில் இரண்டு முறை ஒளிர்வு வரும். நரம்பு வழியே சட்டென்று ஓடி மறைவது முதலாவது. அது உயிரணுக்களுக்கு வெளியே இருக்கும் நீர் உறைவது, செடி பிழைக்கும். குளிர் மேலும் கூடியபின் திட்டுத்திட்டாக வருவது இரண்டாவது. அது உயிரணுக்களுக்குள்ளேயே நீர் உறைவது, அந்தத் திசு சாகும். இரண்டையும் ‘உறைபனித் தாக்கம்’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் எந்த ஒளிர்வில் செடி செத்தது என்று வாசகருக்குத் தெரியாது. ‘புற உறைவு’, ‘அக உறைவு’ என்று பிரித்தே எழுத வேண்டும்.