மனச்சிதைவு நோயை மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்?

கோத்தகிரியில் ஒருவர், “ராத்திரி வாசலில் சிறுத்தை நின்றது” என்றால் அது நடந்திருக்கக்கூடியதே. “என்னைக் கண்காணிக்கப் பக்கத்து எஸ்டேட்காரர் அனுப்பிய சிறுத்தை அது” என்று சொல்லி, யார் என்ன எடுத்துச் சொன்னாலும் அசையாவிட்டால், மனநல மருத்துவர் அதைப் பிறழ் நம்பிக்கையாகக் குறித்துக்கொள்வார். ஊரே நம்பும் முனி, செய்வினை போன்றவை இதில் சேராது.

ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு சொல்லும் அறிகுறிகள் ஐந்து: பிறழ் நம்பிக்கை, ஆளில்லாமல் குரல் கேட்பது போன்ற மாயப்புலன், கோர்வையற்ற பேச்சு, தாறுமாறான அல்லது உறைந்துபோன நடத்தை, உணர்ச்சியும் முனைப்பும் வற்றிப்போவது. இவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு மாத காலத்தில் கணிசமான நேரம் இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றாவது பட்டியலின் முதல் மூன்று அறிகுறிகளில் வர வேண்டும். வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றில் சரிவும் தெரிய வேண்டும். முன்னறிகுறிகளையும் சேர்த்து மொத்தம் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 முறையில் ஒரு மாதமே போதும்.

குடும்பம் பெரும்பாலும் தவறவிடுவது ஐந்தாவதைத்தான். கொழுந்து பறிக்கப் போகாத, குளிக்காத, கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். குரல்கள் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே இந்த ஒதுங்கல் வந்துவிடலாம். மனச்சோர்விலும் இதே தோற்றம் இருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

கொடைக்கானலில் போதைக் காளான் தின்றவருக்கும் மாயக்காட்சிகள் வரும். அதிலுள்ள சிலோசைபினின் வேகம் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். கஞ்சாவின் பாதிப்பு நாட்கணக்கில் நீளலாம்; நோய்க்கு வாய்ப்புள்ளவரிடம் அது நோயையே தூண்டிவிடவும் கூடும். போதையை விட்டு ஒரு மாதம் ஆன பிறகும் அறிகுறி தொடர்ந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் காளான் அகப்படாது, அதனால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தைராய்டு, பி12 குறைபாடு, வலிப்பு, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் இதே போல ஏமாற்றும். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் வந்தால் முதலில் உடல்நோய்க்கான அவசர சிகிச்சைதான்.

மருத்துவர் அதிகம் கேட்பது “எப்போதிலிருந்து?” என்றுதான். தேதி நினைவில்லையென்றால் தீபாவளிக்கு முன்பா, மே சீசனுக்குப் பிறகா என்று யோசித்து எழுதிக்கொண்டு போங்கள். தூக்கம், சாப்பாடு, கடைசியாக ஒழுங்காக வேலைக்குப் போன நாள், எல்லாம் அதில் இருக்கட்டும். குரல் கேட்கிறதா என்று பாதிக்கப்பட்டவரிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் நோய் அதிகமாகிவிடாது. “செத்துப் போ”, “அவனை வெட்டு” என்று குரல் ஆணையிடுவதாகச் சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். என்ன செய்வதென்று கேட்க அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.