தங்கூசி அறவில்லை

மடு ஆவணித் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள், பெட்டிக்குள் மூன்று துவாய்களால் சுற்றி ஒரு மயிலைக் கொண்டுவந்தார். நிறக் கண்ணாடி மயில். குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அவரே வெட்டி ஒட்டிச் செய்தது. 30 சென்ரிமீற்றர் அகலம், 40 உயரம். சந்திக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், ஒரு கிலோ அறுநூறு. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஓர் ஆணி அடித்து, தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் சோளகக் காற்று அடித்த அடியில் கீழே வந்துவிட்டது. சிறுபோக நெல்மூட்டைகள் அந்த இடத்தில் அடுக்கியிருந்தபடியால் மயில் தப்பியது, தோகையில் ஒரு நீலத்துண்டு மட்டும் வெடித்தது.

எல்லோரும் தங்கூசியைத்தான் திட்டினார்கள். நானும்தான். நிமிர்ந்து பார்த்தால் தங்கூசி முடிச்சுக்கூட இளகாமல் ஆணியில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு வளையம், வளையத்தோடு சேர்ந்து உரிந்து வந்த செப்புப் பட்டி ஒரு விரல் நீளத்துக்கு. வாழைமடலில் நார் கிழித்த மாதிரி.

அந்த ஒரு விரல் பட்டியில்தான் விசயம் இருக்கிறது. நிறக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்ப்பதற்கு இரண்டு வழி உண்டு. பழைய வழி ஐரோப்பியத் தேவாலயங்களில் உள்ளது: இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள ஈயக் கீற்றுக்குள் கண்ணாடியைச் செருகி, கீற்றுகள் சந்திக்கிற இடங்களைப் பற்றவைப்பது. மற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் பெயரோடு பரவிய முறை. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசை தடவிய செப்புப் பட்டியைச் சுற்றி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இடைவெளியில் ஈயக்கலவையை உருக்கி ஓடவிடுவார்கள். வீட்டில் இருந்து செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழிதான், எங்கள் மயிலும் அப்படித்தான். அந்தச் செப்புப் பட்டி தலைமுடியை விட மெல்லியது. அதைக் கண்ணாடியோடு பிடித்து வைத்திருப்பது வெறும் பசை, ஈயம் கண்ணாடியில் ஒட்டவே ஒட்டாது, செம்பில் மட்டும்தான் ஒட்டும்.

அப்படியென்றால் வளையத்தை எங்கே பற்றவைக்கிறோம் என்பதுதான் எல்லாம். ஒரு துண்டின் மேல்விளிம்பில், நடுவாக வைத்தால் முழுப் பாரமும் அந்தப் பசையில் தொங்கும். இரண்டு துண்டுகள் சந்திக்கிற கோடு மேலே வந்து முடிகிற இடத்தில் வைத்தால் கதை வேறு. அந்தக் கோட்டில் ஈயம் முன்னும் பின்னும் தடித்து, கண்ணாடியை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு கீழே போகிறது, ஆகவே பாரம் அந்தக் கோட்டு வழியே பரவி ஏறும். இன்னும் நல்லது, வெளிவிளிம்பு முழுக்க ஒரு செப்புக் கம்பியைச் சுற்றிப் பற்றவைத்து, அந்தக் கம்பியையே மேலே வளைத்து வளையமாக்குவது. அல்லது துத்தநாகச் சட்டம். ஒரு கையளவுப் பூவுக்கும் பறவைக்கும் இதெல்லாம் வேண்டாம். ஒரு கிலோவைத் தாண்டினால் வேண்டும்.

மச்சாள் வளையங்களை விளிம்பின் நடுவில்தான் வைத்திருந்தார். சரி, மச்சாளின் பிழை அது. என் பிழை ஒன்றும் இருக்கிறது, அது பெரியது.

இரண்டு வளையத்திலும் கட்டிய தங்கூசியை மேலே ஒரே ஆணியில் கொழுவினேன், சாமிப் படம் கொழுவுவதுபோல. பார்க்க முக்கோணம் மாதிரி வரும். வளையங்களுக்கு இடையில் 26 சென்ரிமீற்றர், ஆணி வெறும் 5 சென்ரிமீற்றர் மேலே. நேர்செங்குத்தாக இரண்டு கயிற்றில் தொங்கியிருந்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் 800 கிராம்தான் பங்கு. ஆனால் கயிறு சரிந்திருந்தால் அது மேல்நோக்கியும் இழுக்க வேண்டும், உள்நோக்கியும் இழுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த விசைப் பிரிப்பைப் போட்டுப் பார்த்தேன்: கயிற்றின் இழுவை ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2.2 கிலோப் பாரம், அதில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வளையத்தைப் பக்கவாட்டில் நெரிக்கிறது. பட்டியை மேலே இழுப்பதை விடப் பக்கவாட்டில் கிளப்பி உரிப்பது எவ்வளவு சுகம் என்று, ஒட்டிய முத்திரையை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிறு எவ்வளவு தட்டையோ அவ்வளவுக்கு இது கூடும். கிடையோடு 30 பாகையில் இருந்தால் ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தையும் தனித்தனியே சுமக்கும், 10 பாகைக்கு இறங்கினால் மூன்று மடங்குக்குக் கிட்ட வந்துவிடும். இரண்டு ஆணி, இரண்டு நேர்க்கயிறு. ஓர் ஆணி மிச்சம்பிடிக்கப் போய்த்தான் இவ்வளவும்.

ஆனால் முதல்நாளே விழாமல் ஏன் ஒன்பது நாள் நின்றது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலோகங்கள் தங்கள் உருகுநிலைக்குப் பாதி வழி போய்விட்டால், உடையாமலே மெல்ல மெல்ல ஊர்ந்து நீளத் தொடங்கும். பாதி வழி என்பதைச் செல்சியசில் பார்த்தால் விளங்காது, இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற புள்ளியிலிருந்து எண்ணுகிற கெல்வினில் பார்க்க வேண்டும். எங்கள் விறாந்தையின் 30 பாகை என்பது 303 கெல்வின். இரும்பு உருகுவது 1811 கெல்வினில், ஆகவே இரும்புக்கு எங்கள் வெயில் ஒன்றுமே இல்லை, ஆறில் ஒரு பங்கு தூரம். ஈயம் 600 கெல்வினில் உருகும். அப்படியே பாதி! பற்றவைக்கிற கலவை, பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும், 183 பாகை செல்சியசில், அதாவது 456 கெல்வினில் இளகத் தொடங்கும், ஆகவே அது மூன்றில் இரண்டு பங்கு வழியை ஏற்கெனவே கடந்து நிற்கிறது. கையால் தட்டினால் கல்லு மாதிரி இருக்கும், ஆனால் நாள் முழுக்க ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் விட்டுக்கொடுக்கும். வெயில் படுகிற கண்ணாடி, அதிலும் கடும் நீலம், கடும் சிவப்பு, வெப்பத்தை உறிஞ்சிப் பக்கத்து ஈயத்தை இன்னும் சூடாக்கும்.

பழைய கண்ணாடி யன்னல்கள் கீழ்ப்பக்கம் தடித்திருப்பதற்குக் காரணம் கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் வழிந்து இறங்கியதுதான் என்று ஒரு கதை உலாவுகிறது. பிழை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டை ஒரே தடிப்பில் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி இளகுவதற்கு 500 பாகைக்கு மேல் வேண்டும். தேவாலய யன்னல்களில் உண்மையாகவே வழிவது ஈயம். அதனால்தான் அந்தப் பெரிய யன்னல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து, செப்புக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் காலப்போக்கில் வயிறு வைத்துவிடும்.

அப்புறம் காற்று. வைகாசி தொடக்கம் சோளகம் பிடித்தால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று வன்னியில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, முற்றத்துப் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான். மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று இந்த அளவுப் பலகையில் நேரே பட்டால் முக்கால் கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு, மூன்று கிலோ, மயிலின் நிறையைப் போல இரு மடங்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் வளையம் முன்னும் பின்னும் மடங்கும், மெல்லிய கம்பியைக் கையால் திருப்பித் திருப்பி மடக்கி முறிக்கிறோமே, அதே வேலை. ஆகவே விறாந்தை வேண்டாம். அறைக்குள், யன்னல் கம்பிக்கு உள்பக்கம், கதவு அறைந்தால் படாத தூரத்தில். கீழ் மூலைகளையும் ஒரு நூலால் கம்பியோடு தளர்வாகக் கட்டினால் ஆட்டம் அடங்கும். கம்பியில் சைக்கிள் ரியூப்பை வெட்டி இரண்டு துண்டு செருகிவிட்டால் முட்டினாலும் கேடில்லை. உறிஞ்சிப் பிடிக்கிற இறப்பர் கொழுக்கி எங்களுக்குச் சரிவராது. அதற்கு அழுத்தமான கண்ணாடி யன்னல் வேண்டும், இருந்தாலும் வெயிலில் இறப்பர் இளகி, உள்ளே காற்றுப் புகுந்து ஒருநாள் விட்டுவிடும்.

தங்கூசி குற்றவாளி இல்லை என்றேன், ஆனால் நிரந்தரமாக அதை நம்பவும் வேண்டாம். நைலோன் வெயிலின் ஊதாக்கடந்த கதிரில் உக்கும், பார்க்க ஒன்றும் தெரியாது. முடிச்சுப் போட்ட இடம் எப்போதும் மற்ற இடத்தை விடப் பலவீனம். முல்லைத்தீவுக் கடற்கரையில் கேட்டுப் பாருங்கள், மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் முடிச்சடியில்தான். பல இழை முறுக்கிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பி அல்லது மெல்லிய சங்கிலி நல்லது. கடலோரத்தில் இருப்பவர்கள் கொழுக்கியையும் அதே உருக்கில் வாங்குங்கள், உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஒரு மாரி தாங்கினாலே பெரிது.

கொழுக்கி எதில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சீமெந்துக் கல்லுச் சுவரில் வெறும் ஆணி பெரும்பாலும் பூச்சில்தான் நிற்கும், பூச்சு ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி போடுங்கள். எங்கள் கூரை வளை பனை. பனை மற்ற மரம்மாதிரி இல்லை, வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. வைரப் பக்கத்தில் முதலில் சிறிய துளை போடாமல் திருகினால் வெடிக்கும், சோற்றுப் பக்கத்தில் போட்டால் கையோடு வரும்.

இன்னும் இரண்டு விசயம், சுருக்கமாக. தட்டையான நிறக் கண்ணாடி தீ வைக்காது. ஆனால் அலங்காரத்துக்கென்று கீழே கொழுவுகிற தெளிந்த கண்ணாடி உருண்டை வில்லை மாதிரி வெயிலைக் குவிக்கும், திரைச்சீலையோ கிடுகோ பக்கத்தில் இருந்தால் உண்மையாகவே பற்றும், வெளிநாடுகளில் வீடுகள் எரிந்திருக்கின்றன. மற்றது ஈயம் நஞ்சு. பழைய கோடுகளில் வெள்ளையாகப் பூக்கும் தூளை உலர்ந்த துணியால் தட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள், குழந்தைகளின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிடாதீர்கள்.

மயிலை ஊரிலேயே ஒட்டலாம் என்று வானொலி திருத்துகிற கடையில் கேட்டேன். அவரிடம் இருக்கும் பற்றவைக்கிற கோல் சின்ன வேலைக்கானது, இந்த அளவு ஈயத்தை உருக்க அதன் சூடு போதாதாம். மச்சாள் தன்னுடையதை அடுத்த ஆவணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மயில் அலுமாரிக்குள், அம்மாவின் பழைய சேலைக்குள். அறை வளையில் புதுக் கொழுக்கி இரண்டு போட்டு, மயிலைப் போல மூன்று மடங்கு பாரம் தாங்குமா என்று பார்க்க, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கென்று கட்டியது, மூன்று கிழமையாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் இதென்ன என்று கேட்கிறார்கள், அம்மா மயில் என்கிறார்.