கண்ணுக்குச் சிக்காத திமிங்கிலத்தைக் காதால் பிடிப்பது எப்படி?

"செயற்கைக்கோள் படத்தில் ரோட்டில் போகும் கார்கூடத் தெரிகிறது. ஐந்து மீட்டர் திமிங்கிலத்தைத் தேடிப்பிடிக்க முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் கார் ரோட்டின் மேலேயே இருக்கிறது. பறவையின் அலகுபோல வாய் நீண்ட அலகுத் திமிங்கிலங்கள் கடலின் மேலே இருப்பதே கொஞ்ச நேரம்தான்.

இந்தக் குடும்பத்தில் 24 இனங்கள் உண்டு. இவற்றில் ஒன்றான கூவியர் திமிங்கிலம் 2,992 மீட்டர் ஆழம் வரை போனது பதிவாகியிருக்கிறது. இன்னொரு கூவியர் 3 மணி 42 நிமிடம் மூச்சைப் பிடித்திருந்தது. மேலே வந்தாலும் பெரிதாக நீர் பீய்ச்சுவதில்லை. அலை கொஞ்சம் எழுந்தால் போதும், பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. தெரிந்தாலும் எந்த இனம் என்று சொல்வது கஷ்டம். பெரும்பாலான இனங்களில் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே பல் வெளியே நீளும். பெண்களையும் குட்டிகளையும் பார்த்து நிபுணர்களே திணறுவார்கள்.

அதனால் இவற்றைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி கரை ஒதுங்கிய உடல்களிலிருந்து வந்தது. ஜிங்கோ பல் அலகுத் திமிங்கிலம் என்ற இனம் 1957இல் ஜப்பானின் ஓய்சோ கடற்கரைக்கு வந்த ஒரே விலங்கை வைத்து அடுத்த ஆண்டு விவரிக்கப்பட்டது. ஆணின் பல் ஜிங்கோ மர இலை வடிவில் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அதன் பிறகும் உடல்கள் பெரும்பாலும் பசிபிக்கின் மேற்குப் பக்கத்தில்தான் கிடைத்தன. அதை வைத்து வரைபடம் போட்டால், நீரோட்டம் எங்கே உடலைத் தள்ளுகிறது, கரையில் எங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதுதான் தெரியும். திமிங்கிலம் வாழும் இடம் தெரியாது.

சரி, வேறு என்ன வழி? ஒலி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வௌவாலைப் போலவே இவையும் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடுகின்றன என்பது தெரிந்த விஷயம். டால்பினின் கிளிக் ஒலி ஒரே வெடிப்பாக வந்து முடியும். அலகுத் திமிங்கிலத்தின் கிளிக் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. ஆனால் அதற்குள்ளேயே அதன் அதிர்வெண் கீழிருந்து மேலே ஏறுகிறது. எந்த அதிர்வெண்ணில் உச்சம், ஒரு கிளிக்குக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்தால், விலங்கைப் பார்க்காமலே இனத்தைப் பிரித்தறியலாம். இரையை நெருங்கும்போது கிளிக்குகள் வேகமெடுத்து ஒரே ரீங்காரமாகிவிடும். அந்த இடத்தில் ஒரு கணவாய் வேட்டையாடப்பட்டது என்றுகூட ஊகிக்கலாம்!

இதிலும் சிக்கல் உண்டு. மேற்பரப்பில் இவை கிளிக் ஒலி எழுப்புவதில்லை. கூட்டமாக அமைதியாக இறங்கி, சுமார் 400 மீட்டர் தாண்டிய பிறகுதான் தொடங்குகின்றன. திரும்பி ஏறும்போதும் மௌனம்தான். கடைசியாக ஒலித்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் மேலே வருகின்றன. கொலைகாரத் திமிங்கிலங்களுக்குக் காது கூர்மை. அவற்றிடமிருந்து தப்பிக்கத்தான் இந்த ஒளிவுமறைவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போதாக்குறைக்கு, ஒலி டார்ச் லைட் வெளிச்சம் போலக் குறுகலாகப் போகிறது. நம் ஒலிவாங்கியை நோக்கித் தலை திரும்பினால்தான் நன்றாகக் கேட்கும்.

வடபசிபிக்கில் 43 கிலோஹெர்ட்ஸில் உச்சம் கொண்ட ஒரு கிளிக் பல வருடங்களாகப் பதிவாகிவந்தது. எந்த இனத்துடையது என்று தெரியாததால், அலகுத் திமிங்கிலத்தின் ஆங்கிலப் பெயரான 'பீக்டு வேல்' என்பதைச் சுருக்கி 'பிடபிள்யூ43' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். ஆகவே இது கருவிக்கு மட்டும் கேட்கும் குரல். திமிங்கில ஒலிகளை ஆராயும் எலிசபெத் ஹென்டர்சன் குழுவினர் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடலில் அந்தக் கிளிக்கைப் பின்தொடர்ந்தார்கள். 2024இல், மேலே வந்த ஒரு திமிங்கிலத்தின் மேல் குறுக்குவில்லால் அம்பு எய்து, துளியளவு தோலை எடுத்தார்கள். மிதந்த அம்பை ஒரு அல்பட்ராஸ் பறவை கொத்திப் போகப் பார்த்ததாம்! டிஎன்ஏ சொன்ன பெயர், ஜிங்கோ பல். கலிபோர்னியா, பாஹா பக்கமிருந்து கிடைத்த அத்தனை பழைய ஒலிப்பதிவுகளுக்கும் ஒரே நாளில் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்.

இதன் நெருங்கிய உறவு நம் பக்கத்துக் கடலில் இருக்கிறது. 1963இல் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் ஒரு பெண் திமிங்கிலம் கரை ஒதுங்கியது. அது புதிய இனம் என்றார் இலங்கை விலங்கியலாளர் பால் தெரணியகல. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாமல், அதையும் ஜிங்கோ பல் என்றே சேர்த்துவிட்டார்கள். அவர் சொன்னதே சரி என்று 2014இல் டிஎன்ஏ ஆய்வு நிறுவியது. அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

எங்கே வாழ்கிறது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு: கனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சிகளின்போது அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறிச் செத்தன. நீர்மூழ்கிகளைத் தேடக் கடற்படை நீருக்குள் அனுப்பும் சோனார் ஒலிதான் காரணம் என்று கருதி, 2004இல் அங்கே ஸ்பெயின் அதற்குத் தடை போட்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில் அப்படிச் சாகவில்லை. திமிங்கிலம் கரையேறினால் சுனாமி வரும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

நம் அரசு 2021இல் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கியது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் கலம் கட்டுகிறார்கள். நல்லது, வரவேற்கிறேன். அந்தத் தொகையில் ஒரு துளியை எடுத்து, கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் மாலத்தீவுப் பக்கமும் மிதக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளை ஆண்டு முழுக்க விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. தெரணியகலவின் திமிங்கிலம் அந்தப் பக்கம் எந்த மாதத்தில் எங்கே இரை தேடுகிறது என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளத் தொடங்கலாம்.