மறதி நோய்க்கும் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம்

வேலூர் கொசப்பேட்டையிலேயே நாற்பது வருஷமாக இருக்கும் எங்கள் பெரியம்மா, லாங்கு பஜாரில் காய் வாங்கித் திரும்பும்போது வீடு எந்தத் தெருவில் என்று தெரியாமல் பையோடு நின்றுவிட்டார். “வயசானா அப்படித்தான்” என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி ஆறு மாதம் வீணாக்கினோம். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இப்படி வரும் மறதியையும் குழப்பத்தையும் டாக்டர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அது டெலிரியம். தொற்று, உப்புச்சத்துக் குறைவு என்று ஏதாவது காரணம் இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெதுவாக வருவது இரண்டு வகை. பென்ஷன் கணக்கு, மாத்திரை வேளை எல்லாவற்றையும் சிரமப்பட்டாவது தானே பார்த்துக்கொண்டால் லேசானது. அதற்கு இன்னொருவர் துணை வேண்டும் என்றால் தீவிரமானது, அதைத்தான் டிமென்ஷியா என்கிறோம். அல்சைமரா, பக்கவாதத்தால் வந்ததா என்பதெல்லாம் அப்புறம் தேடும் காரணம். ஸ்கேன் மட்டும் போதாது. தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்; அந்தக் குறைகளாலோ, மனச்சோர்வாலோ, விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கட்டியதாலோ வந்த மறதி என்றால் சிகிச்சையில் தேற வாய்ப்பு உண்டு.

சரி, அட்டைக்கு வருவோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் டிமென்ஷியா என்ற பெயர் தனியாக இல்லை, அதைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ‘மனநோய்’ என்ற வகைக்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே நினைவும், இடம் காலம் அறிவதும் பெரிதாகக் கெடுவது சேர்ந்திருக்கிறது. அந்த வகையில்தான் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யுடிஐடி (UDID) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்; சந்தேகம் இருந்தால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்துவிட்டதால், அந்த ஊர்க்காரர்களுக்கு அவரவர் மாவட்ட அலுவலகம்.

நோயின் பெயரை வைத்து மட்டும் சதவீதம் போட மாட்டார்கள். ஐடியாஸ் என்ற அளவுகோலில் தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்குக்கும் தலா 4 வரை மதிப்பெண், நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண், மொத்தம் 20. அதை வைத்துத்தான் சதவீதம்; 40 சதவீதம் வர வேண்டும். பெரும்பாலான உரிமைகளுக்கு அதுதான் வாசல்.

பெரியம்மா இந்த மதிப்பெண் போடும் டாக்டரிடம் போய், “நானே குளிப்பேன், நானே சமைப்பேன்” என்று கணீரென்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். நல்லவேளை, அக்கா ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள்: செவ்வாய், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாசனை, வியாழன், புடவையை இரண்டு முறை நான்தான் கட்டிவிட்டேன், ஞாயிறு, என்னைப் பார்த்து யாரம்மா நீ என்று கேட்டார். டாக்டர் அந்த நோட்டை வாங்கி முழுதும் படித்தார்.